மலைக்கு முதுகு காட்டிய பெஞ்சுகள்

மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். கடையில் நல்ல கூட்டம். நான் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் இரும்புக்கடையின் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் முதலில் தெரிவது பஸ் ஸ்டேண்ட். அதைத் தாண்டிப் பிரதேச சபையின் பூங்கா. பூங்காவுக்கு அப்பால் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் அடிவாரம் முதல் உச்சி வரை தேயிலை மலை. முப்பது வருஷமாக அதே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். மலையைப் பார்த்ததை விட பஸ்ஸைப் பார்த்ததுதான் அதிகம்.

அன்று பூங்கா பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்த விதம் என் கண்ணில் பட்டது. சீமெந்துப் பெஞ்சு மலையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அம்மாளோ அதில் பின்பக்கமாகத் திரும்பி, சாய்மானத்துக்கும் இருக்கைக்கும் நடுவே இருந்த சந்துக்குள் இரண்டு கால்களையும் விட்டு, சாய்மானத்தின் மேல் கைகளை மடித்துப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டேண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கணவரும் அதேபோல. நடுவில் வடைப் பொட்டலம்.

உள்ளேயிருந்து வந்த என் மனைவி மங்களமும் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, அந்தக்கா ஏன் அப்பிடி ஒக்காந்திருக்காங்க?"

"அவங்க பாட்டுக்கு இருக்கட்டுமே. பெஞ்சு ஒடஞ்சா நான் சீமெந்து தாரேன்."

"பெஞ்சப் பத்திக் கேக்கல" என்றவள் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். நான் ஆணியைத் தராசிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். ஏனென்றால் பெஞ்சில் இருந்த அம்மாளை எனக்குத் தெரியும்.

அவர் பெயர் பாக்கியம். எதிர் மலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். எங்கள் கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிப்போய், ஒரு மாதம் பாவித்துவிட்டு, சாயம் போகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தவர். வாளிக்குச் சாயம் போனால் என்ன, தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று கேட்டேன். அதற்கு அவர் கொடுத்த பதிலைக் கடையில் இருந்த அத்தனை பேரும் நின்று கேட்டார்கள். புது வாளியைக் கொடுத்து அனுப்பினேன்.

மங்களமும் லேசுப்பட்டவள் அல்ல. இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் அன்று என் கவலை.

நடையோ நடை

அந்தச் சண்டையைச் சொல்வதற்கு முன்னால் மங்களத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். போன வாரம் நான் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில் தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று அவளுக்குக் குறை. "கடையில இருக்கிற எலியப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க" என்றாள். நியாயம்தான்.

அவள் வலப்பனையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வெயில் படாமல் வளரும் என்பார்கள். இவள் விதிவிலக்கு. கடையின் பின்கதவைத் திறந்தால் மலை. அந்தக் கதவு வழியாகப் போனவளைத் தேடிப்பிடிக்கவே வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்ததாம். பெண் பார்க்கப் போனபோது மாமனார் இதையெல்லாம் சொல்லவில்லை. "அமைதியான புள்ள" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு குடும்பமும் வேன் பிடித்து இறம்பொடை அனுமார் கோயிலுக்குப் போனோம். எல்லாரும் கும்பிட்டு, புளிச்சாதம் சாப்பிட்டு, நிழல் தேடிச் சாய்ந்துவிட்டார்கள். எனக்கும் கண் சொருகியது. மங்களம் என் தோளைத் தட்டினாள்.

"வாங்க, அந்த நீர்வீழ்ச்சிக்கு மேல என்னா இருக்குன்னு பாத்துட்டு வருவோம்."

"தண்ணிதான் இருக்கும்" என்றேன்.

அவள் கேட்கவில்லை. பட்டு வேட்டியோடு நான் ஏறினேன். திரும்பி வந்தபோது என் இரண்டு கால்களிலும் அட்டை. வேட்டியெல்லாம் ரத்தம். என் அம்மா பதறிப்போய்ப் புது மருமகளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மங்களம் உப்புப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் போட்டாள். "மேல நல்ல புல்லுத்தரை இருந்திச்சு அத்த, நீங்களும் வந்திருக்கலாம்" என்றாள்.

அந்தப் பொழுதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இவளுக்கு நடக்கவேண்டும், எனக்கு உட்காரவேண்டும். இந்த ஏற்பாட்டில்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

கடைசியாக நடந்த பிரதேச சபைத் தேர்தலில் ஒரு கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். வேட்பாளர் பட்டியலில் பெண்கள் போதவில்லை, மங்களத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்றார்கள். பெயர் மட்டும் போதும், வேறொன்றும் செய்யவேண்டாம் என்றும் சொன்னார்கள். வேறொன்றும் செய்யவேண்டாம் என்று அவளிடம் யாராவது சொன்னால், அதைவிடப் பெரிய தூண்டுதல் அவளுக்குத் தேவையில்லை.

மற்ற வேட்பாளர்கள் வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ரோடு முடியும் இடம் வரை போனார்கள். இவள் ரோடு முடியும் இடத்தில் இருந்துதான் ஆரம்பித்தாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எதற்கு எந்தப் பக்கமாகக் குறுக்குப்பாதை என்று அவளுக்கு அத்துப்படி. துணைக்கு நானும் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும் என்னைப் பார்த்து, "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்க எதுக்குங்க காயுது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கே தண்ணீர் கேட்கவேண்டி இருந்தது, கோபித்துக்கொள்ள முடியாது.

மங்களம் வென்றாள். பட்டியலை நிரப்பப் போட்ட பெயர் சபைக்குள் போய் உட்கார்ந்தது.

மிச்சம் கிடந்த குழு

சபையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு உண்டு. வீதிக் குழுவை ஒருவர் பிடித்துக்கொண்டார். தெருவிளக்கு இன்னொருவருக்கு. சந்தைக்கு அடிபிடி. கடைசியில் பந்தி முடிந்து மிஞ்சிய அப்பளம்போல ஒன்று கிடந்தது. பூங்காவும் விளையாட்டு மைதானமும். சபைத் தலைவரான தவிசாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். மங்களம் மட்டும் கையைத் தூக்கினாள்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் மகளின் கல்யாணத்தன்றுதான் பார்த்திருந்தேன்.

எங்கள் ஊருக்கு இருந்ததே ஒரு பூங்காதான். பெயர்தான் பூங்கா. முள்ளும் உடைந்த போத்தலும் பிளாஸ்டிக் பையுமாகக் கிடந்த சரிவு அது. ஊர் மாடுகளுக்கு மட்டும் அது பூங்காவாக இருந்தது. மங்களம் காலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவாள். சபைத் தொழிலாளர்கள் ஆரம்பத்தில் மெம்பர் அம்மா படம் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஓரமாக நின்றார்களாம். அவள் மண்வெட்டியைக் கேட்டதும்தான் நம்பினார்கள்.

முள் போயிற்று. புல் வந்தது. டேலியாவும் ரோஜாவும் வைத்தாள். நுவரெலியாப் பக்கம் போய்வரும்போதெல்லாம் எங்கள் வேனில் பூச்செடி நாற்று வரும், எனக்குக் கால் வைக்க இடம் இருக்காது. ஊரில் அவளைப் பூங்கா மெம்பர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் பெஞ்சுகள் வந்தன. எங்கே போடுவது, எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று அவள் இரண்டு மூன்று நாள் அந்தச் சரிவில் குந்திக் குந்திப் பார்த்தாள். எதிர் மலை முழுசாகத் தெரியும்படி எல்லாப் பெஞ்சையும் பள்ளத்தைப் பார்த்துப் போடச் செய்தாள். உண்மையில் அது அருமையான காட்சிதான். காலையில் மலையின் பாதி வெயிலிலும் பாதி பனிமூட்டத்திலும் இருக்கும். நானே ஒரு தடவை கல்லாவை விட்டுப் போய்ப் பார்த்தேன் என்றால் பாருங்கள்.

ஆளில்லாத அழகு

ஆனால் ஆட்கள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையில் இருந்து சனம் இறங்கும். அரிசி, மாவு, கருவாடு, பிள்ளைகளுக்குச் சப்பாத்து எல்லாம் வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். பஸ் ஸ்டேண்ட் மதகில் நெருக்கியடித்து உட்காருவார்கள். எங்கள் கடைப்படியில் உட்காருவார்கள். சாமான் மூட்டைமேல் உட்காருவார்கள். இருபது எட்டு எடுத்து வைத்தால் புல்லும் பூவும் பெஞ்சும். அங்கே மட்டும் போகமாட்டார்கள்.

மங்களம் மதகுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். "வாங்கக்கா, அங்க எடம் இருக்கு" என்பாள். "இருக்கட்டும்ங்க" என்பார்கள். கட்டணம் இல்லை என்று போர்டு எழுதி வைத்தாள். ஒரு மனிதர் வந்தார். போர்டின் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டுப் போனார்.

இது சபையில் பேச்சாயிற்று. அங்கேதான் வினை வந்தது.

எதிர் மலையைப் படம் எடுக்கவென்று சுற்றுலா வேன்கள் எங்கள் ரோட்டில் நிற்கும். ரோடு சின்னது. இரண்டு வேன் நின்றால் பஸ் போகமுடியாது. ஹோர்ன் சத்தத்தில் என் கடையில் ஒருவர் ஆணி கேட்டால் நான் பூட்டை எடுத்துக் கொடுப்பேன். ஆகவே வேன்களை நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். தவிசாளர் கெட்ட மனிதர் அல்ல. எங்களைவிட வயதில் சின்னவர், மங்களத்தை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் சபையில் எழுந்து நேராகச் சொல்லிவிட்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பூங்கா நல்லாருக்கு. ஆனா ஆளுக வந்து ஒக்காந்தாத்தானே அது பூங்கா. யாரும் வராத எடத்த வேனுக்குக் குடுத்தா ரோடாவது நேராகும். தீபாவளி முடியட்டும். நானே வந்து பாக்குறேன். ஆளு இருந்தா பூங்கா, இல்லாட்டி வேன் பார்க்."

அன்று மங்களம் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். சாயங்காலம் நடக்கவும் போகவில்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில், காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் அவள் நடக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. "வாயேன், சும்மா ஒரு நடை போய்ட்டு வருவோம்" என்று நானே கூப்பிட்டேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

பாக்கியம் சொன்ன நியாயம்

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்திருந்தார். இனி ரோட்டைக் கடந்து போவோம்.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. மதகில் இடம் கிடைக்காததால்தான் இங்கே வந்தோம் என்று பாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது சரிக்கா. ஆனா நேரா ஒக்காந்தா மலை எவ்வளவு அழகாத் தெரியும். திரும்பி ஒக்காந்திருக்கீங்களே."

பாக்கியம் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெம்பரம்மா, ஆறு நாளும் அந்த மலையிலதாங்க நிக்கிறேன். ஏழாவது நாளும் அதையே பாத்துக்கிட்டு ஒக்காரணுமா?"

மங்களம் குடையை மடக்கிவிட்டு மலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தா, அந்த யூகலிப்டஸ் மரத்துக்குக் கீழ இருக்குல்ல, அது நான் கொழுந்து எடுக்கிற நெரை. நேத்து மழையில பாதியில விட்டுட்டு வந்தேன். நேரா ஒக்காந்தா விட்டுட்டு வந்த செடிதான் கண்ணுல படுது. நாளைக்கி வெள்ளன போயி அத முடிக்கணும்னு நெனப்பு வருது. வடை எறங்க மாட்டேங்குது."

அவருடைய கணவர் தலையை ஆட்டினார். அவர் வாயில் வடை இருந்தது.

"இந்தப் பக்கம் பாருங்க. பஸ்ஸு வருது, போகுது. எவளோ புதுச் சீல கட்டிக்கிட்டுப் போறா. கண்டக்டர்கிட்ட ஒருத்தன் சண்ட போடுறான். எனக்கு ஒரு வேலயும் இல்ல, சும்மா பாத்தாப் போதும். அப்பறம்" என்று நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்க மொதலாளி தராசுல ஆணியப் போட்டுட்டு ஓடியாராரு. அதையும் பாத்தேன்."

கடையில் ஆணிக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

சண்டை நடக்கவில்லை. மங்களம் பெஞ்சில் பாக்கியத்தின் பக்கத்தில், அவரைப் போலவே கால்களைச் சந்துக்குள் விட்டு உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஸ்டேண்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம் ஒரு வடை வாங்கிச் சாப்பிட்டாள்.

திருப்பிப் போடு

மறுநாளே அவள் தவிசாளரிடம் போய், பெஞ்சுகளைத் திருப்பிப் போடவேண்டும் என்றாள். ஏதோ நல்ல தமாஷ் என்று அவர் சிரித்தார். உலகம் முழுக்க விமானம் ஏறி இந்த மலையைப் பார்க்க வருகிறது, நம் பூங்கா மட்டும் அதற்கு முதுகைக் காட்டவேண்டுமா என்று கேட்டார். இன்னொரு உறுப்பினர், "அக்கா, அப்பறம் கொளத்தக் கட்டிட்டு தண்ணிய வேற பக்கம் திருப்புவீங்களா?" என்றார். கடைசியில் தவிசாளர், "திருப்பிக்குங்க. ஆனா சபைச் செலவுல முடியாது" என்று முடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஊர்கூடிச் சிரமதானம். சீமெந்தும், பெஞ்சுகளை நெம்ப அலவாங்கும் என் கடையில் இருந்து போயின. ஆட்களைப் பாக்கியம் கூட்டிவந்தார். மேற்பார்வையும் அவரேதான். நான் இரண்டு தடவை அலவாங்கைப் பிடித்துப் பார்த்தேன். "மொதலாளி, நீங்க பிளேன்டீ சொல்லுங்க, அது போதும்" என்றார். அந்த வேலையை நான் குறைவில்லாமல் செய்தேன். ஒரு பெஞ்சு தூக்கும்போது விரிசல் விட்டது. அதற்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் பூங்காவைப் பார்த்திருக்கவேண்டும். மதகு காலியாயிற்று. பெஞ்சில் விரித்து இடம் பிடிக்கச் சால்வையை யாரிடமாவது முன்கூட்டியே கொடுத்து அனுப்பினார்கள். மூட்டைகளைப் புல்லில் வைத்து, சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்தார்கள். ஓடிப்போய் பஸ் பிடிப்பவனுக்குக் கைதட்டினார்கள்.

எனக்குத்தான் சங்கடம். பெஞ்சுகளுக்கு நேர் எதிரே என் கல்லா. முப்பது வருஷமாக ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தவனை இப்போது ஊர் பார்த்தது. "மொதலாளி, மறுபடியும் வடையா?" என்று பூங்காவில் இருந்து குரல் வரும். மங்களம் என் சாப்பாட்டைக் கண்காணிக்கத் தனியாக ஆள் வைக்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மங்களத்துக்கு அந்த மலை என்றால் உயிர். சாயங்காலம் பூங்கா காலியானபின் அவள் போய்ச் சரிவின் கீழ்விளிம்பில், வெறும் புல்லில் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். அவள் பார்ப்பதற்கென்று இப்போது அங்கே ஒரு பெஞ்சும் இல்லை. ஒரு நாள் நானும் போய் உட்கார்ந்தேன்.

"ஒரு பெஞ்சயாவது அப்படியே விட்டிருக்கலாமே" என்றேன்.

"எனக்குத் தரை போதும்ங்க" என்றாள். "பூங்காவ மட்டும் எடுத்துறாம இருந்தாச் சரி."

டேப்போடு வந்தவர்

தீபாவளி முடிந்தது. தவிசாளர் சொன்ன சொல் தவறாதவர். வந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஞாயிறுகளில் அவருக்குக் கல்யாணம், பூப்புனித நீராட்டு, மரண வீடு என்று ஊர் ஊராகப் போகவேண்டும். வாரத்தின் நடுவில் ஒரு பிற்பகல், அளவு எடுக்கும் உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். உத்தியோகத்தர் கையில் நீளமான டேப் சுருள். அதைப் பார்த்ததும் கல்லாவைப் பூட்டினேன். மங்களத்தைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து ஓடினோம்.

வேலை நாள். மலையில் கொழுந்து நாள். பூங்காவில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு பெஞ்சில் மட்டும் ஒருவர். அவரும் பின்பக்கமாகத் திரும்பி, கால்களைச் சந்துக்குள் விட்டு, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா" என்றார் தவிசாளர். "இருக்கிறதே ஒரு ஆளு. அவங்களும் தப்பாத்தான் ஒக்காந்திருக்காங்க."

"ஞாயித்துக்கெழம வந்து பாருங்க தம்பி. நிக்க எடம் இருக்காது."

"வாரத்துக்கு ஒரு நாள் வாரவங்களுக்கு ஒரு பூங்காவா? வேன் தெனமும் வருதேக்கா."

அவர் சொன்னதிலும் கணக்கு இருந்தது. உத்தியோகத்தர் டேப்பின் ஒரு நுனியை டேலியாப் பாத்திக்குப் பக்கத்தில் குத்திவிட்டு மறு நுனியை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மங்களத்தின் கை என் சட்டைக் கையைப் பிடித்தது. அவள் அப்படிப் பிடிக்கிற ஆள் அல்ல.

பெஞ்சில் இருந்தவர் திரும்பினார். பாக்கியம்.

"அக்கா, நீங்க வேலைக்குப் போகலயா?"

"போன வாரத்தோட வேலையில இருந்து பேர எடுத்துட்டாங்க மெம்பரம்மா. வயசாயிருச்சில்ல. லயத்துல சும்மா ஒக்காந்து என்னா செய்ய, அதான் எறங்கி வந்தேன்."

"ஏன் அந்தப் பக்கம் பாத்து ஒக்காந்திருக்கீங்க?"

"இனிமே அது என் நெரை இல்லைல்ல. இப்பப் பாக்கலாம்."

தவிசாளருக்குச் சுவாரசியம் தட்டியது. கிட்டே வந்து, "எப்பிடியம்மா இருக்கு?" என்று கேட்டார்.

பாக்கியம் மலைப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே பச்சைக்கு நடுவில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஆட்கள் அசைந்துகொண்டிருந்தார்கள்.

"இத்தன வருசம் மேல நின்னேன் ஐயா. கீழேருந்து நிதானமா பாத்ததே இல்ல. இந்த வேன்காரங்க எதுக்கு நின்னு நின்னு போட்டோ புடிக்கிறாங்கன்னு இன்னைக்கித்தான் வெளங்குது. இங்கேருந்து பாத்தா நாங்க அழகாத்தான் இருக்கோம்."

சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"யாரு எவருன்னுதான் தெரிய மாட்டேங்குது" என்றார்.

தவிசாளர் கொஞ்சம் சங்கடப்பட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது சரிம்மா. ஆனா பூங்கான்னா ஆளு வேணும்ல. ஆளு எங்க?"

பாக்கியம் கால்களைச் சந்தில் இருந்து உருவிக்கொண்டு எழுந்தார். சரிவின் விளிம்புக்குப் போனார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, மலையில் ஒருவரை ஒருவர் கூப்பிடும் அந்த நீண்ட "ஓ"வைப் போட்டார். அந்த உடம்பில் அவ்வளவு பெரிய குரல் இருந்தது வாளி விஷயத்தில்கூட எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டேண்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டேப்போடு போன உத்தியோகத்தர் நின்றுவிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்று மட்டும் வந்தது. பிறகு மலையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக அசைவதை நிறுத்தின. ஓர் இடத்தில் இருந்து மெல்லிதாக ஓர் "ஓ" வந்தது. இன்னோர் இடத்தில் இருந்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அந்த மலை முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பாக்கியம் தவிசாளரிடம் திரும்பினார்.

"அந்தா இருக்காங்கல்ல. வேல முடியல. ஞாயித்துக்கெழம வருவாங்க."

தவிசாளர் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உத்தியோகத்தரிடம் சிங்களத்தில் டேப்பைச் சுற்றச் சொன்னார். மங்களம் என் சட்டையை விட்டுவிட்டு, அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எழுதுகிற இந்த நேரத்தில் அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை.

வேன்களுக்குப் பழைய சந்தைக்குப் பின்னால் இடம் பார்த்துக் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தவிசாளர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்கு வந்தார். பெஞ்சுகளில் இடமில்லை. ஒருவரும் எழுந்து இடம் கொடுக்கவும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.